சுதேசிக் கப்பல் பங்கு முதல் இ.டி.எஃப். வரை: தென்காசி வட்டாரச் சிறு முதலீட்டின் வரலாறு

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, கடையநல்லூர், ஆலங்குளம், கடையம் முதலிய ஊர்களை உள்ளடக்கிய வட்டாரம் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமாயிற்று. இவ்வூர்களில் பங்குச் சந்தை எதுவும் இருந்ததில்லை. தமிழ்நாட்டில் இருந்த இரண்டும் சென்னையிலும் கோயம்புத்தூரிலும்தான் இருந்தன. அவையும் முறையே 2015, 2013 ஆண்டுகளில் செபி அமைப்பின் அனுமதியுடன் மூடப்பட்டுவிட்டன. ஆயினும் சாதாரண மக்கள் சிறு தொகை கொடுத்து ஒரு பெரிய தொழிலில் பங்கு வாங்கலாம் என்ற எண்ணம் பழைய திருநெல்வேலி மாவட்டத்துக்கு நூற்றாண்டுக்கு முன்பே வந்துவிட்டது. அந்த எண்ணத்தின் அண்மைக்கால வடிவமே இ.டி.எஃப். எனப்படும் பங்குச் சந்தை வர்த்தக நிதி. பல நிறுவனங்களின் பங்குகளையோ தங்கத்தையோ கடன் பத்திரங்களையோ ஒரு கூடையாகச் சேர்த்து, அக்கூடையின் சிறு அலகை ஒரு தனிப் பங்கைப் போலவே சந்தையில் வாங்கவும் விற்கவும் வழிசெய்யும் நிதி இது.

25 ரூபாய்ப் பங்கு

1906 அக்டோபர் 16 அன்று தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் தலைவர். உதவிச் செயலாளராக இருந்து கம்பெனியை நடத்தியவர் வ.உ. சிதம்பரம் பிள்ளை. ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். எஞ்சியவை சிறிதும் பெரிதுமாகப் பலருக்கு விற்கப்பட்டன. இந்தியர், இலங்கையர் உள்ளிட்ட ஆசிய மக்களே பங்கு வாங்கலாம் என்பது விதி. பின்னாளில் மனைவியின் ஊரான கடையத்தில் வாழ்ந்த சுப்பிரமணிய பாரதி, அப்போது தாம் நடத்திவந்த 'இந்தியா' இதழில் இக்கம்பெனியை ஆதரித்து எழுதிவந்தார்.

கம்பெனி பதிவான ஆறாம் நாள், 1906 அக்டோபர் 22 அன்று, சென்னையில் ஆர்பத்நாட் நிறுவனம் நொடித்தது. தென்னிந்தியாவின் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் நிலக்கிழார்களும் நம்பிப் பணம் போட்டிருந்த வெள்ளையர் நிறுவனம் அது. அடுத்த ஆண்டே இந்தியன் வங்கி தொடங்கப்படுவதற்கு இவ்வீழ்ச்சியே உடனடிக் காரணம். ஒரே வாரத்தில் மாகாணத்தின் சேமிப்பாளருக்கு இரண்டு செய்திகள் கிடைத்தன எனலாம்: வெள்ளையர் கையில் கொடுத்த பணம் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை உடைந்தது, நம்மவர் கையில் கொடுக்க ஒரு வாய்ப்புத் திறந்தது.

1907இல் காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் வந்தன. தூத்துக்குடி–கொழும்பு வழித்தடத்தில் அதுவரை தனியாட்சி செய்துவந்த பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது. ஒரு கட்டத்தில் பயணிகளை இலவசமாக ஏற்றிக் கையில் ஒரு குடையும் கொடுத்ததாகச் சொல்லப்படுகிறது. 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலியில் கலவரம் மூண்டது. ஜூலையில் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. நடத்துநரை இழந்த கம்பெனி தள்ளாடி 1911இல் கலைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் 17 அன்று செங்கோட்டை வாஞ்சிநாதன் மணியாச்சி ரயில் நிலையத்தில் ஆஷ் துரையைச் சுட்டுக்கொன்றார். தென்காசிக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் செங்கோட்டை அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1இல்தான் அது தமிழ்நாட்டுடன் இணைந்தது.

இந்த வரலாறு தியாகத்தின் வரலாறாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. அது சரியே. ஆனால் 25 ரூபாய் கொடுத்துப் பங்குப் பத்திரம் வாங்கி வைத்திருந்தவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறொன்றும் தெரியும். ஒரே கம்பெனி, ஒரே வழித்தடம், கைநிறையப் பணம் வைத்திருந்த ஒரே போட்டியாளர், பகையான அரசாங்கம், எல்லாவற்றையும் தாங்கிநின்ற ஒரே மனிதர். இவற்றில் ஒன்று சாய்ந்தாலும் பத்திரம் வெறுங்காகிதம்தான். பங்குதாரர்கள் தேசத்துக்காகக் கொடுத்தார்கள் என்றால் அதில் நட்டக் கணக்கு இல்லை. சேமிப்பாகக் கொடுத்திருந்தால் முழுத்தொகையும் நட்டம். இரண்டையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் அன்று இல்லை. இன்றும் ஊர்க்காரர் தொடங்கிய கம்பெனி என்பதற்காகப் பணம் போடுபவர்கள் அதைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

மகமை, சீட்டு, தபால், யூனிட்

கப்பல் கம்பெனிக்குப் பிறகு இப்பகுதியின் சேமிப்பு பழைய வழிகளிலேயே நடந்தது. வியாபாரத்தில் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சிறு தொகையைப் பொதுநிதிக்கு ஒதுக்கும் மகமை முறை நாடார் வணிகரிடையே வலுவாக இருந்தது. பள்ளிக்கூடங்களும் உறவின்முறைகளும் அதில் வளர்ந்தன. அந்த வணிகச் சமூகத்தின் முயற்சியால் 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தோன்றியது. 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாறிய அதன் பங்குகள் 2022 செப்டம்பரில்தான் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டன. நூறாண்டுக் காலம் அவ்வங்கியின் பங்குக்குச் சந்தை விலை என்று ஒன்று இருக்கவில்லை. வாங்குபவரும் விற்பவரும் பேசி முடித்ததே விலை.

பெண்களின் கையில் இருந்தது சீட்டு. ஏலச்சீட்டு, தீபாவளிச் சீட்டு, நகைக்கடைச் சீட்டு என்று அது பல வகைப்படும். பதிவு செய்த சீட்டுகளுக்குத் தமிழ்நாட்டில் 1961ஆம் ஆண்டுச் சட்டமும் பின்னர் 1982ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும் உண்டு. பதிவு செய்யாதவற்றுக்குச் சீட்டு நடத்துபவரின் முகமே சட்டம். 1990களில் அதிக வட்டி தருவதாகச் சொன்ன நிதி நிறுவனங்களும், தேக்கு மரம் வளர்த்துத் தருவதாகச் சொன்ன திட்டங்களும் தமிழ்நாடெங்கும் சிற்றூர் வரை வந்து பணம் திரட்டிச் சரிந்தன. முதலீட்டாளர் நலன் காக்கும் மாநிலச் சட்டம் 1997இல் இயற்றப்பட்டது அதன் பின்விளைவே.

இவற்றுக்கிடையே அரசாங்க முத்திரையோடு வந்தது யூனிட். 1964 பிப்ரவரியில் செயல்படத் தொடங்கிய யூனிட் டிரஸ்ட் ஆஃப் இந்தியா, அதே ஆண்டு ஜூலையில் 'யூனிட் 64' திட்டத்தை 10 ரூபாய் முகமதிப்பில் வெளியிட்டது. பள்ளி ஆசிரியர், தபால்காரர், ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் எனப் பங்குச் சந்தையின் பக்கமே போகாதவர்கள் இதை வாங்கினார்கள். பல நிறுவனங்களின் பங்குகளும் கடன் பத்திரங்களும் அடங்கிய கூடை என்ற அளவில் இது கப்பல் பங்கைவிடப் பாதுகாப்பானது. ஆனால் அடிப்படையில் ஒரு கோளாறு இருந்தது. யூனிட்டின் விற்பனை விலையையும் திரும்பப் பெறும் விலையையும் நிறுவனமே அறிவித்தது. கூடைக்குள் இருந்த பொருளின் மதிப்புக்கும் அந்த விலைக்கும் என்ன தொடர்பு என்று வாங்கியவருக்குத் தெரியாது.

2001 ஜூலையில் யூனிட் 64 விற்பனையும் திரும்பப் பெறுதலும் ஆறு மாதத்துக்கு நிறுத்தப்பட்டன. பின்னர் 3,000 யூனிட் வரை வைத்திருந்த சிறு முதலீட்டாளருக்கு மட்டும் 10 ரூபாயில் தொடங்கிப் படிப்படியாக உயரும் விலையில் பணம் திரும்பத் தர ஏற்பாடானது. 2002 ஜனவரியில் முதன்முறையாக உண்மையான நிகர சொத்து மதிப்பு வெளியிடப்பட்டபோது அது முகமதிப்பான 10 ரூபாயைவிட மிகக் குறைவாக இருந்தது. 2003இல் யூனிட் டிரஸ்ட் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. கூடையாக இருந்தால் மட்டும் போதாது, கூடைக்குள் இருப்பது என்ன, அதன் இன்றைய விலை என்ன என்பது வெளியே தெரிய வேண்டும் என்பதை இந்தியச் சிறு சேமிப்பாளர் கற்ற இடம் இதுதான். கற்பித்த விதம் கொடுமையானது.

கிடங்கு ரசீது என்ற யோசனை

கூடை முதலீடு ஐரோப்பாவில் பழையது. 1774இல் ஆம்ஸ்டர்டாம் வணிகர் ஆபிரகாம் வான் கெட்விச் பல நாட்டுக் கடன் பத்திரங்களைச் சேர்த்து ஒரு கூட்டு நிதி தொடங்கினார். 1976இல் அமெரிக்காவின் வான்கார்டு நிறுவனம், ஜான் போகிள் தலைமையில், குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் நிதியைப் பொதுமக்களுக்குத் தந்தது. எந்தப் பங்கு ஏறும் என்று ஆராய ஆள் வேண்டாம். அதனால் செலவு குறையும். ஆனால் அதை நாள் முடிவு விலையில்தான் வாங்க முடியும்.

அதைச் சந்தையிலேயே கைமாறும் பொருளாக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கப் பங்குச் சந்தையில் பணியாற்றிய நேத்தன் மோஸ்ட். அவர் முன்பு தாவர எண்ணெய் வணிகத்தில் இருந்தவர். அவ்வணிகத்தில் சரக்கு கிடங்கிலேயே கிடக்கும்; கிடங்கு ரசீதுதான் கைமாறும். தென்காசிப் பக்கத்து நெல் வியாபாரிக்கு இதை விளக்கவே வேண்டாம். பங்குகளையும் அப்படிக் கிடங்கில் வைத்து ரசீதை மட்டும் விற்றால் என்ன என்பதே அவருடைய யோசனை. கனடாவின் டொரண்டோவில் 1990இலேயே இவ்வகை நிதி வந்துவிட்டது. மோஸ்ட் குழுவினரின் நிதி 1993 ஜனவரியில் அமெரிக்காவில் வர்த்தகத்துக்கு வந்தது.

இந்த அமைப்பின் உயிர்நாடி ஒரு சிறு ஏற்பாட்டில் இருக்கிறது. ரசீதின் விலை கிடங்கில் உள்ள சரக்கின் விலையைவிட ஏறினால், பெரிய தரகு நிறுவனங்கள் பங்குகளை வாங்கிக் கிடங்கில் சேர்த்துப் புதிய ரசீது பெற்று விற்கும். ரசீதின் விலை இறங்கினால் ரசீதை வாங்கிக் கொடுத்துச் சரக்கை எடுத்துவிடும். இலாபத்துக்காக அவர்கள் செய்யும் இந்த வேலை விலையையும் மதிப்பையும் ஒட்டியே வைக்கிறது. யூனிட் 64இல் இல்லாமற்போனது இதுவே.

யூனிட் 64 முடங்கிய அதே 2001ஆம் ஆண்டின் டிசம்பர் 28 அன்று, சஞ்சீவ் ஷா தலைமையிலான பெஞ்ச்மார்க் பரஸ்பர நிதி நிறுவனம் இந்தியாவின் முதல் இ.டி.எஃப். ஆன நிஃப்டி பீஸ் திட்டத்தை வெளியிட்டது. 2002 ஜனவரி 8இல் அது தேசியப் பங்குச் சந்தையில் பட்டியலானது. இந்தத் தற்செயல் ஒற்றுமை அப்போது பெரிதாகப் பேசப்படவில்லை. முகவர்களுக்குக் கமிஷன் இல்லாத திட்டத்தைச் சிற்றூருக்குக் கொண்டுவர யாருக்கும் அவசரமில்லை. வாங்குவதற்கு டீமேட் கணக்கு வேண்டும்; அது அன்று மிகச் சிலரிடமே இருந்தது.

நிஃப்டி பீஸின் பிற்கால வரலாறு கப்பல் கம்பெனியோடு ஒப்பிடத்தக்கது. 2011இல் பெஞ்ச்மார்க்கை கோல்ட்மேன் சாக்ஸ் வாங்கியது. அது தன் இந்திய நிதித் தொழிலை 2016இல் ரிலையன்ஸ் பரஸ்பர நிதிக்கு விற்றது. 2019இல் ரிலையன்ஸின் பங்கு ஜப்பானின் நிப்பான் லைஃப் கைக்குப் போயிற்று. நிர்வாகி மூன்று முறை மாறினார். அலகு வைத்திருந்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கூடையில் உள்ள பங்குகள் நிர்வாக நிறுவனத்தின் சொத்து அல்ல. அறக்காப்பாளரின் மேற்பார்வையில் தனிப் பாதுகாவலரிடம் இருப்பவை. ஒரு மனிதர் சிறைக்குப் போனால் முதலீடே மூழ்கும் நிலை இங்கே இல்லை.

கூடையில் இருந்த ஒரு நிறுவனமே மூழ்கியதும் உண்டு. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத்தின் கணக்கு மோசடி வெளிவந்தபோது அது நிஃப்டி 50இல் இருந்தது. சில நாளில் நீக்கப்பட்டது. சத்யம் பங்கை மட்டும் வைத்திருந்தவர் ஒரே நாளில் பெரும்பகுதியை இழந்தார். நிஃப்டி பீஸ் வைத்திருந்தவருக்கு ஐம்பதில் ஒன்றுதான் பழுது. மறுபக்கத்தில், 1974இல் சென்னையில் சீட்டு நடத்தித் தொடங்கிய ஸ்ரீராம் குழுமத்தின் நிதி நிறுவனம் 2024 மார்ச்சில் நிஃப்டி 50இல் சேர்ந்தது. சீட்டுப் போடுவதை விட்டுவிட்டு இ.டி.எஃப். வாங்கியவர் கையிலும் ஒரு துளி சீட்டுக் கம்பெனி இருக்கிறது.

தங்கம்

இப்பகுதிக் குடும்பங்களுக்குப் பங்கைவிடத் தங்கம் நெருக்கமானது. தங்கத்தையே கிடங்கில் வைத்து அலகாக விற்கும் யோசனையைப் பெஞ்ச்மார்க் நிறுவனம் 2002இலேயே செபியிடம் சமர்ப்பித்தது. அனுமதி வருவதற்குள் 2003இல் ஆஸ்திரேலியா முந்திக்கொண்டது. இந்தியாவில் கோல்டு பீஸ் 2007 மார்ச்சில்தான் வந்தது. முதலில் ஓர் அலகு ஏறக்குறைய 1 கிராம் தங்கத்தைக் குறித்தது. 2019 டிசம்பரில் நூறாகப் பிரிக்கப்பட்டு ஓர் அலகு 0.01 கிராம் அளவுக்கு வந்தது. கூலி வேலை செய்பவரும் வாங்கக்கூடிய விலைக்கு அது இறங்கியது அப்போதுதான்.

நகைக்கடைச் சீட்டில் 11 மாதம் கட்டி நகை வாங்குபவர் செய்கூலியும் சேதாரமும் கொடுக்கிறார். கோல்டு இ.டி.எஃப்.பில் அவை இல்லை. ஆண்டுச் செலவு விகிதமும் தரகும் உண்டு. முதலீடாக மட்டும் பார்த்தால் இரண்டாவதே மலிவு. ஆனால் நகை முதலீடு மட்டுமல்ல. கழுத்தில் கிடக்கும், கல்யாணத்துக்கு வேண்டும், ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் பணம் தேவைப்பட்டால் மறுநாள் காலையிலேயே அடகுக் கடையில் வைக்கலாம். டீமேட் கணக்கில் உள்ள அலகை விற்றால் பணம் வர ஒரு வேலை நாள் ஆகும். தங்கத்தை வைத்து நெருக்கடியைச் சமாளிக்கும் குடும்பத்துக்கு அந்த ஒரு நாளின் அருமை தெரியும். ஆகவே கோல்டு இ.டி.எஃப். நகைக்கு மாற்று என்பதைவிட, பெட்டியில் பூட்டி வைக்கும் காசுக்கும் கட்டிக்கும் மாற்று என்பதே பொருந்தும்.

2020ஆம் ஆண்டும் அதன் பிறகும்

குற்றாலத்தின் வணிகம் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான சாரலை நம்பியது. விடுதி, எண்ணெய்க் கடை, பழக்கடை, ஆட்டோ என எல்லாவற்றுக்கும் ஆண்டின் வருமானம் அந்தச் சில மாதங்களில்தான். சாரல் பொய்த்தால் ஊரே பொய்க்கும். கொரோனா தொற்றின்போது 2020, 2021 ஆகிய இரண்டு சீசனிலும் அருவிகளில் குளிக்கத் தடை இருந்தது. தண்ணீர் கொட்டியது, ஆள் இல்லை. ஒரே வருமானத்தை நம்பியிருப்பதன் ஆபத்து இதைவிடத் தெளிவாகத் தெரிந்த காலம் குற்றாலத்தில் வேறு இல்லை.

அதே 2020இல் மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் சுமார் 13 விழுக்காடு விழுந்தது. ஜனவரியில் 12,400ஐத் தொட்டிருந்த குறியீடு 7,600 வரை இறங்கி, ஆண்டு முடிவதற்குள் பழைய உச்சத்தையும் கடந்தது. வீட்டில் அடைபட்டிருந்த இளைஞர்கள் ஆதார் எண்ணையும் கைப்பேசியையும் கொண்டு டீமேட் கணக்குத் திறந்தார்கள். நாடு முழுவதும் 2020 மார்ச்சில் சுமார் 4 கோடியாக இருந்த கணக்குகள் 2024 மார்ச்சில் 15 கோடியைத் தாண்டின. இனிச் சென்னைக்குப் போய்த் தரகரைப் பார்க்க வேண்டியதில்லை. மத்தளம்பாறையில் சோஹோ நிறுவனத்தின் அலுவலகம் வந்தபின் இவ்வட்டாரத்தில் மாதச் சம்பளம் வாங்கும் மென்பொருள் இளைஞர்களும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், இப்பகுதி அதிகம் பெருமைப்படும் அந்த நிறுவனத்தின் பங்கை யாரும் சந்தையில் வாங்க முடியாது. அது பட்டியலிடப்படாத தனியார் நிறுவனம். எந்தக் குறியீட்டிலும் இல்லை. ஆகவே எந்தக் குறியீட்டு இ.டி.எஃப்.பிலும் இல்லை.

கணக்குத் திறந்த அதே செயலியில் இ.டி.எஃப்.பும் கிடைக்கும், ஆப்ஷன் வர்த்தகமும் கிடைக்கும். 2024 செப்டம்பரில் செபி வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் பங்கு சார்ந்த ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வர்த்தகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர். அவர்கள் இழந்த தொகை 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்.

வாங்குவதற்கு முன் ஆராய்வது

இ.டி.எஃப். வாங்க ஆராய்ச்சி வேண்டாம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. பங்கைத் தேர்ந்தெடுக்கும் ஆராய்ச்சிதான் வேண்டாம். கூடையைப் பற்றிய ஆராய்ச்சி வேண்டும். பெயரில் இ.டி.எஃப். என்று இருப்பதாலேயே ஒரு கூடை பரந்ததாகிவிடாது. 2014 மார்ச்சில் மத்திய அரசு தன் நிறுவனப் பங்குகளை விற்க வெளியிட்ட சி.பி.எஸ்.இ. இ.டி.எஃப்.பில் சிறு முதலீட்டாளருக்கு 5 விழுக்காடு தள்ளுபடி இருந்தது. ஆனால் அதில் இருந்தவை எண்ணெய், எரிவாயு, நிலக்கரி சார்ந்த அரசு நிறுவனங்களே பெரும்பாலும். பல கம்பெனி, ஒரே முதலாளி. நிஃப்டி 50இலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வங்கி, நிதித் துறைதான். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது நிதி வெளியிடும் பங்குப் பட்டியல்.

அடுத்தது செலவு விகிதம். இ.டி.எஃப்.களுக்கு செபி ஓர் உச்சவரம்பு விதித்துள்ளது. பெரிய நிஃப்டி இ.டி.எஃப்.கள் அதைவிட மிகக் குறைவாகவே வாங்குகின்றன. செலவைவிடவும் முக்கியமானது, குறியீடு தந்த வருவாய்க்கும் நிதி தந்த வருவாய்க்கும் உள்ள வித்தியாசம். ஒப்பிடும்போது ஈவுத்தொகையையும் சேர்த்த மொத்த வருவாய்க் குறியீட்டோடு ஒப்பிட வேண்டும். வெறும் குறியீட்டோடு ஒப்பிட்டால் நிதி உண்மையைவிட நன்றாகத் தெரியும். 2022இல் செபி இவ்விலகல் அளவுகளை வெளியிடுவதைக் கட்டாயமாக்கி, பின்தொடர் பிழைக்கு 2 விழுக்காடு வரம்பு வைத்தது.

மூன்றாவதைத்தான் புதியவர்கள் தவறவிடுகிறார்கள். திரையில் தெரியும் விலை கூடையின் மதிப்பு அல்ல. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டுப் பங்குகளில் பரஸ்பர நிதிகள் முதலிடுவதற்கான 700 கோடி டாலர் வரம்பு நிரம்பியதால், அமெரிக்கப் பங்குகள் கொண்ட இந்திய இ.டி.எஃப்.களில் புதிய அலகுகள் உருவாவது நின்றது. கிடங்குக்குள் சரக்குச் சேர்க்க வழியில்லை, ரசீதுக்கோ கிராக்கி. விலை மதிப்பைத் தாண்டி ஏறியது. அந்நேரம் வாங்கியவர் 100 ரூபாய்ப் பொருளுக்கு அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தார். வர்த்தக நேரத்தில் நிதி நிறுவனங்கள் வெளியிடும் உத்தேச நிகர மதிப்பைச் சந்தை விலையோடு ஒப்பிட்டிருந்தால் இது தெரிந்திருக்கும். வர்த்தகம் குறைந்த நிதிகளில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அதிகம் இருப்பதால், விலையைக் குறிப்பிட்டே ஆணை கொடுக்க வேண்டும். தென்காசி தினசரிச் சந்தையில் நாலு கடை விசாரித்துக் காய் வாங்குபவர் செய்யும் வேலைதான் இது.

பீடிக் கட்டும் நிஃப்டியும்

மேலே சொன்ன ஆராய்ச்சி எதுவும் செய்யாமல், டீமேட் என்ற சொல்லையே கேள்விப்படாமல், இ.டி.எஃப்.போடு தொடர்புடைய பெரும் கூட்டம் ஒன்று இவ்வட்டாரத்தில் உண்டு. பீடி சுற்றும் பெண்கள் அவர்கள்.

தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பகுதிகளில் வீட்டுத் திண்ணையிலும் முற்றத்திலும் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றுவது பல தலைமுறைத் தொழில். பீடிக்கடையில் இலையும் தூளும் வாங்கிவந்து, இலையை நனைத்து வெட்டி, சுற்றிக் கட்டி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பெறுவார்கள். 1977இல் பீடித் தொழில் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்டது. வீட்டில் இருந்து சுற்றுபவர் எங்கள் தொழிலாளியே அல்ல என்று முதலாளிகள் வாதிட்டனர். பி.எம். படேல் அண்ட் சன்ஸ் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் அவர்களும் தொழிலாளரே என்று தீர்ப்பளித்தது. பல வீடுகளில் பெண் பெயரில் உள்ள ஒரே பெரிய சேமிப்பு இந்த பி.எஃப். பணம்தான். மகள் கல்யாணம், வீட்டுக் கூரை, மருத்துவம் என்று அதிலிருந்து முன்பணம் எடுப்பார்கள்.

2015 ஆகஸ்டில் வருங்கால வைப்பு நிதி நிறுவனம் முதன்முறையாகப் பங்குச் சந்தைக்கு வந்தது. தனிப் பங்குகளை வாங்காமல் நிஃப்டி, சென்செக்ஸ் இ.டி.எஃப்.கள் வழியாக மட்டும் முதலிட்டது. முதலாண்டு புதிய வரவில் 5 விழுக்காடு, அடுத்த ஆண்டு 10, 2017-18 முதல் 15. அறக்காப்பாளர் குழுவில் இருந்த தொழிற்சங்கப் பிரதிநிதிகள் எதிர்த்தனர். தொழிலாளியின் முதுமைப் பணத்தைச் சூதில் வைக்கக்கூடாது என்பது அவர்கள் வாதம். யூனிட் 64 முடங்கி 14 ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில் அந்தக் கவலையை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் மொத்த நிதியையும் நிலையான வட்டிப் பத்திரங்களிலேயே வைத்திருந்தால், வட்டி விகிதம் இறங்கும் காலத்தில் தொழிலாளியின் வட்டியும் இறங்கும் என்பதும் உண்மை.

பீடித் தொழிலில் வைப்பு நிதிச் சந்தா 10 விழுக்காடு. 1,000 ரூபாய்க் கூலிக்குத் தொழிலாளி 100 ரூபாயும் முதலாளி 100 ரூபாயும் செலுத்துவர். முதலாளியின் பங்கில் 83 ரூபாய் 30 காசு ஓய்வூதியத்துக்குப் போக, வைப்பு நிதியில் சேர்வது 116 ரூபாய் 70 காசு. 15 விழுக்காடு கணக்கின்படி அதில் சுமார் 17 ரூபாய் 50 காசு இ.டி.எஃப்.புக்குச் செல்கிறது எனலாம். அவர் பெயரில் அலகாக அல்ல, பொது நிதியாக.

அந்தப் பதினேழரை ரூபாயின் விளைவு ஒருமுறை வெளிப்படையாகவே தெரிந்தது. 2019-20ஆம் ஆண்டுக்கு 8.5 விழுக்காடு வட்டி அறிவித்திருந்த வைப்பு நிதி நிறுவனம், சந்தை விழுந்துவிட்டதால் அதை ஒரே தவணையில் தர முடியவில்லை. 8.15 விழுக்காடு கடன் பத்திர வருவாயிலிருந்தும், மீதி 0.35 விழுக்காடு இ.டி.எஃப். அலகுகளை விற்ற பின்னரும் என்று 2020 செப்டம்பரில் முடிவெடுத்தது. கணக்கில் 1 லட்சம் ரூபாய் வைத்திருந்த ஒரு பெண்ணுக்கு 350 ரூபாய், மும்பைச் சந்தை மீண்டு எழுவதைப் பொறுத்திருந்தது. சந்தை மீண்டது. டிசம்பர் இறுதியில் முழு வட்டியும் சேர்த்து வரவு வைக்க முடிவாயிற்று.

இ.டி.எஃப். பங்கை உறுப்பினர் கணக்கில் தனி அலகுகளாகக் காட்டும் கணக்கு முறைக்கு 2017 நவம்பரில் அறக்காப்பாளர் குழு ஒப்புதல் அளித்தது. உறுப்பினருக்கு ஆண்டுதோறும் கிடைப்பதோ அறிவிக்கப்பட்ட வட்டிதான். பாஸ்புக்கில் தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு, ஓய்வூதியப் பங்கு என்று மூன்று பத்திகள் உள்ளன. நிஃப்டிக்கு அதில் பத்தி இல்லை.